மூன்று விரல் அளவு

என் பெரியப்பா பால் வெட்டியவர். களனி கங்கைக்கு மேலே, கித்துல்கலைப் பக்கத்து இறப்பர் மலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் கத்தி பிடித்தார். விடியும்போது மலையில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு இறங்கும்போது வெறும் தேத்தண்ணீர் ஒரு கோப்பை, பிறகு வெற்றிலை. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குச் சீவலை வைத்து, போயிலையில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டு, மடித்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, லயத்துக் காம்பராவுக்குத் திரும்பும்வரை வாயில் அதைத் தவிர வேறொன்றும் இராது.

கடைசிச் சில வருடங்களில் அவருக்கு உறைப்பு ஆகவில்லை. பெரியம்மா அவருக்கென்று மிளகாய் போடாத குழம்பைத் தனியாக எடுத்து வைப்பார். பிறகு சோற்றைக் குழைத்து, விரலால் உள்ளே தள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். “வாய் தெறக்க ஏலல, வயசாகிப் போச்சில்ல” என்பார். நாங்களும் வயது என்றே நம்பினோம். வைத்தியர்கள் வாயைச் சோதிக்க ஓர் எளிய அளவு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன்னுடைய நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வாயானால் மூன்றும் நுழையும். பெரியப்பாவுக்கு ஒன்றுதான் நுழைந்தது. அதைக்கூட நாங்கள் பார்த்தது, கன்னத்தின் உள்ளே புண் வந்து, அது ஆறாமல் கழுத்தில் கட்டி தட்டிய பிறகு.

ஒரு நோய் ஒரு குறிப்பிட்ட மக்களைக் கூடுதலாகப் பிடிப்பது ஏன் என்ற கேள்வி எனக்கு அவர் வாயிலிருந்துதான் தொடங்கியது. அதைத் தேடிப் போனபோது, கித்துல்கலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நாட்டில், வேறோர் உறுப்பில், இதே கேள்வியை அரை நூற்றாண்டாகக் கேட்டுவருகிறார்கள் என்று தெரியவந்தது.

அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் வரும் வீதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ 70 சதவீதம் அதிகம். அதனால் சாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் எல்லோரும் இரத்தத்தைப் பார்த்தார்கள். எட்டாவது நிறப்புரியின் ஒரு பகுதியில் உள்ள சில மரபு வேறுபாடுகள் மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அதிகமாக இருப்பதும், அவை இந்த நோயின் அபாயத்தைக் கூட்டுவதும் 2006ஆம் ஆண்டளவில் தெரியவந்தன. அது உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் நோய் வருவது ஒரு கணக்கு, வந்தபின் சாவது இன்னொரு கணக்கு. அமெரிக்கப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு அரசாங்கமே நடத்தும் வைத்திய சேவை ஒன்று உண்டு. அங்கே நிறம் எதுவானாலும் ஒரே வாசல், ஒரே சிகிச்சை. அந்தச் சேவையில் சிகிச்சை பெற்ற 60,000க்கும் மேற்பட்ட புரொஸ்டேட் நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. பத்து வருடத்தில் அந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பினத்தவரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1 சதவீதம். ஊர் முழுக்க இரண்டு மடங்காக இருந்த சாவு, வாசல் ஒன்றான இடத்தில் கூடுதலாக இல்லை.

வாசல் வேறாக இருந்ததற்குக் காரணங்கள் பல: காப்புறுதி இல்லாமை, நல்ல வைத்தியசாலை தூரத்தில் இருப்பது, வைத்தியர்மீது நம்பிக்கை இல்லாமை. அந்த அவநம்பிக்கையும் சும்மா முளைத்ததில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கச் சுகாதாரத் திணைக்களமே பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அப்படியொன்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் வைத்தியசாலைப் படியேறத் தயங்கினால், அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இதைவிட நெருக்கமாகப்பட்ட கதை இன்னொன்று. கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்த்தினிக், குவாதலூப் என்ற இரண்டு தீவுகள். கரும்புக்கும் பிறகு வாழைக்கும் பேர்போனவை. அடிமை முறை 1848இல் ஒழிந்த பின் அந்தத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது, புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களும் கப்பலேறினார்கள். அங்கே வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். அமெரிக்காவில் அந்த மருந்தைச் செய்த தொழிற்சாலையில் தொழிலாளர்கள் நடுக்கம் கண்டு விழுந்ததால் 1970களின் நடுவிலேயே உற்பத்தி நின்றுபோயிருந்தது. தீவுகளில் நிற்கவில்லை. இன்று உலகில் புரொஸ்டேட் புற்றுநோய் மிகக் கூடுதலாகப் பதிவாகும் இடங்களில் அந்தத் தீவுகளும் உண்டு. குவாதலூப்பில் செய்த ஆய்வொன்று, இரத்தத்தில் அந்த மருந்து கூடுதலாக இருந்த ஆண்களுக்கு அபாயமும் கூடுதலாக இருந்ததை 2010இல் காட்டியது. 2021 டிசம்பரில் பிரான்ஸ் அரசு, அந்த மருந்தோடு வேலை செய்தவர்களுக்கு வரும் புரொஸ்டேட் புற்றுநோயைத் தொழில்சார்ந்த நோயாக ஏற்றுக்கொண்டது. அதுவரை ஆபிரிக்க இரத்தம் என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு தோட்டத்து மண்ணிலிருந்து வந்தது.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது உதடு, வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய். சிங்களக் கிராமத்திலும் வெற்றிலை உண்டு. வயல்காரரும் மெல்லுகிறார், பிக்குகளுக்கும் தட்டில் வெற்றிலை வைத்து மரியாதை செய்கிறார்கள். ஆகவே இது மலையகத் தமிழருடைய நோய் என்று எழுத எனக்கு உரிமையில்லை. நாடு முழுக்க இருப்பது தோட்டத்தில் ஏன் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது, ஏன் இன்னும் பிந்தித் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

கித்துல்கலை இருக்கும் நம் மாகாணத்தைப் பற்றிய நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹேமந்த அமரசிங்க, நியூவெல் ஜோன்சன், சமன் வர்ணகுலசூரிய முதலானோர் சப்ரகமுவவில் 30 வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பார்த்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம், அதாவது வெண்படலமோ செம்படலமோ நார் இறுக்கமோ, ஏறத்தாழ 11 சதவீதத்தினரின் வாயில் இருந்தது. நூறு பேர் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நின்றால் அதில் பதினொரு பேர். தினமும் வெற்றிலை போடுபவர்களுக்கு அபாயம், போடாதவர்களைவிடப் பத்து மடங்கு அளவில் இருந்தது. போயிலை இல்லாமல் போட்டாலும் அபாயம் இருந்தது. மெலிந்த உடம்புக்காரர்களுக்கும், பழமும் மஞ்சள் நிறக் காய்கறியும் கீரையும் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும் கூடுதலாக இருந்தது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பேராதனைப் பல் வைத்திய பீடத்தார் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் இதே படலங்களும் இறுக்கங்களும்தான்.

மெலிந்த உடம்பு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். இலங்கையின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கு எடுக்கிறது. 2016 கணக்கில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7. குட்டையாகப் போன அந்தப் பிள்ளைதான் இருபது வருடம் கழித்துக் கூடை மாட்டுகிறது, கத்தி பிடிக்கிறது. வாயின் உட்தோல் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளச் சத்து வேண்டும். பாக்கு அரித்த இடத்தைச் சரிசெய்யச் சத்து இல்லாத உடம்பு, அதே வெற்றிலையால் மற்றவரைவிடக் கூடுதலாகக் கெடுகிறது. தோட்டம் என்ற அந்தத் தனி வரி இல்லாதிருந்தால் 31.7 என்ற எண்ணே நமக்குத் தெரிந்திராது. எல்லாப் புற்றுநோய்க் கணக்கிலும் அந்த வரியைப் போட வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

வெற்றிலை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெடுதலில் பெரும் பங்கு பாக்குக்கு. அதிலுள்ள அரெகொலின் என்ற பொருளும் செம்புச் சத்தும் உட்தோலின் அடியில் நார்த்திசுவைக் கூடுதலாக வளரச் செய்கின்றன. வளர்ந்தது கரைவதும் இல்லை. கன்னம் தோல்வார் மாதிரி விறைக்கிறது, காரம் எரிகிறது, வாய் சுருங்குகிறது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிப் பாக்கின் சாறு இறங்க வழி செய்கிறது. போயிலை தன் நஞ்சைச் சேர்க்கிறது. சாராயமோ கசிப்போ சேர்ந்தால் எல்லாம் பெருகும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, போயிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. போயிலை இல்லாத வெற்றிலையும் தனிப் பாக்கும்கூட உண்டாக்கும் என்று 2003இல் முடிவுக்கு வந்தது. எர்ணாகுளத்தில் வாய் இறுகிய 66 பேரை 17 வருடம் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. “நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்” என்று சொல்லும் சித்திமார் எங்கள் லயத்தில் பலர். அவர்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

இரத்தம் என்ற பேச்சை இங்கே ஒருமுறை தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போன மக்கள் உலகம் முழுக்கச் சிதறியிருப்பதால், இயற்கையே ஒரு பரிசோதனையைச் செய்து வைத்திருக்கிறது. மலேசியாவில் 1993–94இல் நாடளாவிய வாய்ச் சோதனை செய்தபோது, மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களின் வாயில்தான் இந்த மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. அதிலும் வெற்றிலை போடும் பெண்களிடம். அவர்களில் பலர் இறப்பர்த் தோட்ட வழியினர். தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பேத்திமாரிடம் டர்பன் வைத்தியர்கள் வாய்ப் புற்றுநோயைக் கண்டார்கள். அங்கே போயிலை இல்லாமல் பாக்கு மெல்லுவது பெண்களிடமே அதிகம் இருந்தது, நோயும் அவர்களிடம் அதிகம் இருந்தது. இதைப் பார்த்து ஒருவர் தமிழ் இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். அப்படியானால் தாய்வானைப் பார்க்க வேண்டும். அங்கே தமிழர் இல்லை, போயிலையும் கலப்பதில்லை. லொறி ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரர்களும் விழித்திருக்கப் பாக்கு மெல்லுகிறார்கள். அவர்களுக்கும் இதே நோய். பப்புவா நியூகினியிலும் இதே நோய். இனம் மாறுகிறது, பாக்கு மாறவில்லை. பாக்கை மெல்லுபவர் செய்யும் வேலையின் தன்மையும் பெரிதாக மாறவில்லை.

அதனால்தான், வெற்றிலையைப் பழக்கம் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வேலைச் சாமான். கித்துல்கலை இந்த நாட்டின் ஈரமான ஊர்களில் ஒன்று. மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும்போது உடம்புக்குச் சூடு வேண்டும். வெற்றிலை சூடு தரும். பசியை ஒத்திப்போட வேண்டும். பாக்கு பசியை மறைக்கும். அட்டை கடித்தால் அதன்மேல் துப்பவும், கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைக்கவும் உதவும். பல்வலிக்குப் போயிலை. களைத்து உட்கார்ந்தால் கங்காணி கேட்பான். வெற்றிலை மடிக்க நின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உட்கார உரிமையில்லாத இடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் ஓய்வு. இவ்வளவு வேலையும் செய்கிற ஒன்றை விடு என்று சொல்பவர், அந்த வேலைகளுக்கு வேறு எதைத் தருகிறார்? பத்து மணிக்கு ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணீரும் ரொட்டியும் உட்கார்ந்து சாப்பிடக் கால்மணி நேரமும் மலையிலேயே கிடைத்தால், வெற்றிலை பாதியாகக் குறையும் என்பது என் நம்பிக்கை. எங்கள் வீட்டில் தோட்ட வேலையை விட்டுக் கடைக்குப் போனவர்கள் யாரும் சொல்லாமலே குறைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா வைத்தியசாலைக்குப் போன பாதையை இங்கே எழுதுகிறேன். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமென்றால் எழுதியிருக்க மாட்டேன். முதலில் டிஸ்பென்சரி. அங்கே டாக்டரய்யா வாரத்தில் சில நாட்கள்தான். புண்ணுக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் கொப்பளித்தார். பிறகு ஓர் அரசாங்க வைத்தியசாலையில் பல் பிடுங்கினார்கள், பல்தான் குத்துகிறது என்று. புண் ஆறவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு இளம் வைத்தியர் விளக்கு வைத்துப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, முகம் மாறி, ஒரு கடதாசி எழுதிக் கொடுத்தார். சிங்களத்தில் இருந்தது. தமிழ் 1987இல் அரச கரும மொழியானது. அந்தக் கடதாசிக்கு அது தெரியவில்லை. பெரியப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு சுவரில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு போகலாம் என்று இருந்தார். கடை வைத்திருந்த சிங்கள ஐயா ஒருவர் தற்செயலாக வாசித்து, “இது மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போக எழுதினது, நாளைக்கே போங்க” என்றபோது ஐந்து வாரம் போயிருந்தது.

இதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆனாலும் ஒரு மனிதனின் வாய்க்குள் ஒருவர் விளக்குப் பிடித்துப் பார்ப்பதற்கு ஏழு மாதம் ஆனது.

கித்துல்கலையிலிருந்து மஹரகம போவது ஹற்றன்–கொழும்பு பஸ்ஸில் அவிசாவளைக்கு இறங்கி, அங்கிருந்து ஹைலெவல் பாதையில் ஹோமாகமை வழியாக. தோட்டத்தின் மேற்பிரிவில் இருப்பவருக்கு அதற்கு முன்னால் பெரிய ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணி நேர நடை. காலை கிளினிக்குக்கு நிற்க வேண்டுமானால் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. அது பெரிய கொடை, அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலருக்கு இல்லாத கொடை. ஆனால் கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம், அதாவது முப்பது நாள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் முப்பது பேரு, அதாவது முப்பது நாள் வேலைப் பதிவு, விழாவிட்டால் 40,500 ரூபாய் இழப்பு. கூடப் போகும் ஆளுக்கும் பேரு விழாது. அவருக்குத் தங்க இடம், சாப்பாடு, பஸ் காசு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் “பார்க்கலாம்” என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அறியாமை இல்லை, கணக்கு இருக்கிறது.

இந்தத் தூரம் பஸ் பாதையில் மட்டும் உண்டானதில்லை. தோட்டத்து ஆட்களின் வைத்தியத்துக்கென்று 1872இலேயே ஒரு சட்டம் வந்தது. கோப்பிக்காலத்துத் துரைமாருக்கு வேலையாள் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது. அதனால் தோட்டத்துக்குத் தனி டிஸ்பென்சரி, தனி ஆஸ்பத்திரி. நாட்டு மக்களுக்குப் பிற்காலத்தில் நல்ல இலவச வைத்திய சேவை வளர்ந்தபோது நாம் அதற்கு வெளியே, தோட்டத்தின் கையில் இருந்தோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003 வரை ஆனது. ஓட்டு இல்லாத மக்களின் ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்க யார் இருந்தார்கள்? 1970களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது; டிஸ்பென்சரி மட்டும் அரசுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது.

இருந்தும் நம்பிக்கைக்கு இடமுண்டு, அதுவும் நம் லயங்களிலேயே. 1970களில், பஞ்ச காலத்தில், தோட்டத்தில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அது இரண்டு மடங்குக்கு மேல். அப்போதும் சிலர் நம் தாய்மாரின் பழக்கவழக்கத்தைக் குறை சொன்னார்கள். பிறகு மிட்வைப் அம்மா லயத்துக்கு வந்தார், தடுப்பூசி வந்தது, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா திருந்தியது, பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்தச் சாவு பல மடங்கு குறைந்துவிட்டது. தாய்மாரின் இரத்தம் மாறவில்லை. பராமரிப்பு படியேறி வந்தது, அவ்வளவுதான்.

வாய்க்கும் இதையே செய்யலாம் என்று காட்டியவர்கள் இலங்கையர்களே. 1980களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய குழுவும் மத்திய மாகாணத்தில் 34 அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வருடத்துக்குள் 28,000 பேருக்கு மேல் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் பெரும்பகுதி சரியாக இருந்தது. பல் வைத்தியர் இல்லாமலே, விளக்கும் கண்ணும் மட்டும் கொண்டு இதைச் செய்ய முடியும் என்று உலகத்துக்குச் சொன்ன முதல் ஆய்வுகளில் அது ஒன்று. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் உண்மையும் இருந்தது: மேலே காட்டச் சொல்லி அனுப்பியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் போய்ச் சேரவில்லை. வாய்க்குள் படலத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஆளைப் போகச் சொல்லியாகிவிட்டது, ஆள் போகவில்லை. பெரியப்பாவின் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த கடதாசியை நினைத்துக்கொண்டால் இந்தப் பாதிப்பேர் எங்கே போனார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

இப்படிப் பார்ப்பது உயிரைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்குத் திருவனந்தபுரம் பதில் சொன்னது. ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 1996இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வீடு தேடிப் போய் வாய்ச் சோதனை, மற்ற அணிக்கு வழக்கமான கவனிப்பு. 2005இல் வந்த முடிவில், போயிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு தெளிவான பலன் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது பாவிப்பவர்களை. ஒரு தோட்டத்தில் அவர்கள் யார் என்று கங்காணிக்கே தெரியும்.

இங்கேதான் புரொஸ்டேட்டை மறுபடியும் நினைக்கிறேன். அது உடம்புக்குள்ளே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிற சுரப்பி. இரத்தப் பரிசோதனை வேண்டும், பிறகு ஊசி குத்தித் துண்டெடுக்க வேண்டும். அந்த இரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்வது நன்மையா தீமையா என்றே இன்னும் வாதாடுகிறார்கள். அமெரிக்க வைத்தியர்கள் கறுப்பின ஆண்களைத் தேடி முடிவெட்டும் கடைகளுக்குக்கூடப் போகிறார்கள், ஏனென்றால் ஆண்கள் மனம் விட்டுப் பேசும் இடம் அது. நம்முடைய நோயோ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிற வாயில் இருக்கிறது. பல வருடம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். உலகில் இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சில. அதைப் பிந்திப் பார்க்கிறோம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2006இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் வந்தது. 2016 செப்டெம்பரில், கலவையாகச் செய்து விற்கும் மெல்லும் புகையிலைப் பண்டங்களைத் தடைசெய்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பாபுல், மாவா என்று அந்தப் பண்டங்களை விற்ற காலத்தோடு பார்த்தால் அது நல்ல காரியம். ஆனால் பெரியப்பாவின் மடிப்பு அந்தச் சட்டத்துக்குள் வராது. போயிலையைச் சந்தையில் தனியாக வாங்கலாம், பாக்கு மரம் எங்கள் கேகாலையில் வேலிக்கு வேலி நிற்கிறது, வெற்றிலைக் கொடி லயத்துக் கொல்லையில் படர்ந்திருக்கிறது. சட்டம் கடை வரைதான் போகும், காம்பராவுக்குள் ஆள்தான் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழி பெரட்டுக்களம்தான். வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வந்து நிற்கும் ஒரே இடம் அது. இல்லாவிட்டால் கொழுந்து நிறுக்கும் மடுவம், பால் நிறுக்கும் ஸ்டோர். வெற்றிலை போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தரமாவது அந்த இடத்தில், சம்பள நேரத்திலேயே, தமிழ் பேசும் ஒருவர் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். படலம் இருக்கிறது என்று மேலே அனுப்பினால், போகும் நாளுக்கும் பேரு போட வேண்டும். கூடப் போகும் ஒருவருக்கும் போட வேண்டும். கடதாசி தமிழிலும் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த இருவருடைய நாளையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். தோட்டத்துக்கு ஆகும் செலவு ஆளுக்கு ஒன்றிரண்டு பேரு, ஒரு டோர்ச் லைட். கம்பனிகள் இதற்குக் காசில்லை என்றால், ஒரு மலையின் ஒரு நாள் கொழுந்தை நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

போன வருடம் சித்திரை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் விரலை அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவரும் நாற்பது வருடம் பாக்குப் போட்டவர். பெரியப்பா போன பிறகு போயிலையை மட்டும் விட்டிருந்தார். முதலில் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றார். பிறகு வாயைக் கொப்பளித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூன்று விரலை எடுத்து வைத்தார். இரண்டு நுழைந்தது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு நேராக, பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை, சிறு விரல் நகத்தளவு. “என்னா தெரியுது?” என்றார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் கூடவே போனேன்.